எட்டு நாள் தண்ணீர்

அத்தியாயம் 6

பாலையூரணி தேரடித் தெருவில் காலை பதினொரு மணிக்குள் ஏழு கதவுகள் அன்புமொழியின் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டன. எட்டாவது கதவு திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"காத்தாயிக்கு வக்காலத்து வாங்க வந்த ஆளுங்கதானே? அங்கிட்டே போங்க!"

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணிதான் கேட்டேன்," என்றான் அன்புமொழியின் உதவியாளன் ஜஸ்டின்.

"அவகிட்டயே வாங்கிக் குடி. நல்லாப் போவும்!"

ஜஸ்டின் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "மேடம், கேஸ் முடியறதுக்குள்ள நான் நாக்கு வறண்டு செத்துட்டா, அதையும் நீங்கதான் துப்பறியணும். இப்பவே சொல்லிடறேன், குற்றவாளி இந்தத் தெரு மொத்தமும்."

அன்புமொழி சிரிக்கவில்லை. திருச்சியில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் பன்னிரண்டு வருஷத்தில் அவள் பல விதமான வெறுப்பைப் பார்த்திருக்கிறாள். ஒரு தெருவே கூடி ஒரு பெண்ணை வெறுப்பதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் தேரடித் தெரு மாரியம்மனுக்குத் திருவிழா. காப்பு கட்டிய ஏழாம் நாள் வெயிலில், காத்தாயி தன் வாசலில் சின்னதாகப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தாள். எட்டாம் நாள் விடியும்போது தெருவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். நாற்பத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில். அம்மன் கோவில் பூசாரி பெரியகருப்பன் மறுநாள் மத்தியானம் செத்துப்போனார். நகராட்சித் தண்ணீர் சுத்தம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. தண்ணீர் சுத்தம் என்றால் மோர்தான் விஷம், மோர் கொடுத்தவள்தான் கொலைகாரி. இன்று நாலு மணிக்குக் கோவில் முன்னால் தெருக்கூட்டம். கூட்டம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் காத்தாயியை ஜீப்பில் ஏற்றப்போகிறார். அவளுடைய மகள் திருச்சியில் நர்ஸ். அழுதுகொண்டே வந்து அன்புமொழியைப் பிடித்தவள் அவள்தான்.

கோவில் வேப்பமரத்தடியில் அந்த மோர்ப் பானை சாட்சியாக வைக்கப்பட்டிருந்தது. வாயில் துணி கட்டி, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கமாகப் போன ஒரு பெண் நின்று நிதானமாக அதன்மேல் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

"சாட்சியை இப்படித்தான் பாதுகாக்கணும்," என்றபடி கோவில் முன்னால் நின்ற சீரியல் லைட் வளைவுக்குக் கீழே போன ஜஸ்டின், அடுத்த நொடி கணுக்கால் வரை சேற்றில் இறங்கினான். "ஐயோ, வெள்ளை ஷூ!"

வளைவைத் தாங்கிய சவுக்குக் கம்பத்தின் அடியில், சாக்கடை ஓரமாக, இரண்டு முழத்துக்குச் சொதசொதவென்று சேறு. அன்புமொழி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயிலில் கண் கூசியது. ஒரு மேகம் இல்லை.

"இந்த வளைவு என்னைக்கு நட்டது?"

"ஆறாம் நாள்." பதில் பின்னாலிருந்து வந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மூன்று நாள் தாடி. விழாக் குழுத் தலைவர் ஆத்மநாதன். செத்துப்போன பூசாரிக்கு அண்ணன். "நாங்களே கடப்பாரை போட்டு நட்டோம். வளைவைப் பாக்கவா திருச்சியிலேர்ந்து வந்தீங்க?"

"உங்க தம்பி எப்படிச் செத்தார்னு பாக்க வந்தேங்க."

"அதைக் கண்டுபிடிக்க ஆள் வேணாம். அவ குடுத்த மோர்ல செத்தான்."

"இதே தெருவுல ஆறு மாசக் குழந்தைக்கும் வயித்தால போயிருக்கு. அது பந்தலுக்கு வந்து மோர் குடிச்சுச்சுங்களா?"

"ஆத்தாக்காரி சொம்புல வாங்கிட்டுப் போய் ஊத்திருப்பா." ஆத்மநாதன் கண்ணை இமைக்காமல் சொன்னார். "நாலு மணிக்குள்ள ஊர விட்டுப் போயிருங்க. ஒங்க காருக்கு நான் பொறுப்பில்ல."

ஜஸ்டின் தெருமுனையில் நின்ற காரைப் பார்த்தான். பின்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையோடு தரையாகக் கிடந்தன. "பொறுப்பில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடியே காத்தைப் புடுங்கிட்டாங்க மேடம். சொல்லும் செயலும் ஒண்ணா இருக்கற ஊர்!"

* * *

காத்தாயி வீட்டுக் கூரையில் எட்டு ஓடுகள் உடைந்திருந்தன. எறிந்த கற்களை அவள் பொறுக்கி வாசல் ஓரம் வரிசையாக வைத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய பிளாஸ்திரி இன்னும் கையில் இருந்தது.

"ஒங்கள யாரு வரச் சொன்னது? மக அனுப்புனாளாக்கும்."

"ஆமாம்மா. மோர் எப்படிப் போட்டீங்க?"

"எல்லாரும் போடுற மாதிரித்தான். தயிரு என் மாட்டுத் தயிரு. தண்ணி தெருக்கொழாத் தண்ணி. ஊருக்கே வாரதுதான் எனக்கும் வந்துச்சு. நானும் குடிச்சேன், எனக்கும்தான் போச்சு. நடிக்கிறான்னுட்டாங்க." அவள் குரல் உடையவில்லை, கோபத்தில் கொதித்தது. "தண்ணி சுத்தம்னு நகராட்சியில போட்டோ போட்டுட்டாங்களாம். போட்டோ பொய் சொல்லுமா? அப்ப நாந்தான் விஷம்."

ஜஸ்டினின் கண் மூலையிலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தின்மேல் இருந்தது. எட்டிப் பார்த்தான். "ஏம்மா, குடத்துக்குள்ள என்ன சமையல் நடக்குது?"

"காப்பு கட்டுன நாள்லேர்ந்து எறக்குற வரைக்கும் குடிதண்ணியில பச்ச மஞ்சளத் தட்டிப் போட்டு வேப்பங்கொழுந்தும் போட்டு வைப்போம். அம்ம வராது. இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் உண்டு. சாவு விழுந்து திருவிழா பாதியில நின்னு போச்சு, காப்பு இன்னும் எறக்கல. அதான் அப்புடியே கெடக்கு."

"ஒரு டம்ளர் கிடைக்குமா?"

"குடுக்க மாட்டேன்." காத்தாயி குடத்தை மூடினாள். "என் கையால குடிச்சிட்டு நீ செத்தேன்னா அதையும் என் தலையில கட்டுவாங்க."

வெளியே வந்ததும் ஜஸ்டின் சொன்னான். "மேடம், இந்த ஊர்ல எனக்குத் தண்ணி தராததுக்கு ஒருத்தராவது நியாயமான காரணம் சொல்லிட்டாங்க."

* * *

நகராட்சி அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவைப் பார்க்கும் நிலவழகன் உட்காரச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டு முடிக்கவும் விடவில்லை. தன் போனை எடுத்து மேஜைமேல் வீசாத குறையாக வைத்தார்.

"பாத்துக்கங்க. எட்டு நாள், எட்டு போட்டோ. வாட்ஸ்அப் குரூப்ல தினமும் வந்தது. தண்ணிய டியூப்ல புடிச்சு ரெண்டு சொட்டு மருந்து விடணும். மஞ்சளா மாறுனா தண்ணியில பிளீச்சிங் இருக்கு. மாறலைன்னா இல்ல. எல்.கே.ஜி. புள்ளைக்குக்கூடப் புரியும்."

"எனக்கும் புரியுதுங்க," என்று அன்புமொழி போனைக் கையில் எடுத்தாள்.

எட்டு படத்திலும் ஒரு கை, ஒரு கண்ணாடிக் குழாய், குழாயில் இளமஞ்சளாகத் தண்ணீர். நிறம் எடுப்பாகத் தெரிவதற்காகப் பின்னால் ஒரு வெள்ளைக் கர்சீப்பைப் பிடித்திருந்தார்கள். அவள் குழாயைப் பார்க்கவில்லை. கர்சீப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் படத்தில் கர்சீப் சலவைக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. ஐந்தாம் நாள் கறை பரவியிருந்தது. ஆறாம் நாள் படம் வந்ததும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த ஜஸ்டின் துள்ளினான்.

"ரத்தம்!"

கர்சீப்பின் நடுவில் செக்கச் செவேலென்று திட்டு.

"இத்தனை பக்கம் கழிச்சு இப்பத்தான் மேடம் ரத்தம் வருது! கொலை, தடயம், கர்சீப்! வாசகர்கள் கை தட்டுவாங்க."

"வாயை மூடு. சார், இந்தப் படம் எல்லாம் காலை எட்டே முக்காலுக்கு வந்திருக்கு. தேரடித் தெருவுக்கு எப்பத் தண்ணி விடுவீங்க?"

"அஞ்சரையிலேர்ந்து ஆறரை."

"ஆறரைக்கு நின்னு போன குழாயில எட்டே முக்காலுக்குத் தண்ணி எப்படிப் புடிச்சாங்க?"

நிலவழகன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "அதெல்லாம் டெஸ்ட் எடுக்கறவன்கிட்டக் கேளுங்க. ஒரு பொம்பள கேவலமா மோர் போட்டுக் கொன்னதுக்கு எங்க டிபார்ட்மெண்டைக் கோத்து விடாதீங்க. வெளிய!"

* * *

டெஸ்ட் எடுக்கிற சிவபிரகாஷ் எதிர் டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்த ஊழியன். ஐந்து தெருவுக்கு ஒரே ஆள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான். ஜஸ்டின் வழியில் நின்று பலமாக இரண்டு தும்மல் போட்டான்.

"பிரதர், கர்சீப் இருந்தாக் குடுங்களேன், அவசரம்!"

சிவபிரகாஷ் யோசிக்காமல் எடுத்து நீட்டினான். ஜஸ்டின் அதை மூக்குக்குக் கொண்டுபோகாமல் அப்படியே அன்புமொழியிடம் கொடுத்தான். மங்கிப்போன பழுப்பு மஞ்சள் கறைகள். நடுவில் அந்தத் திட்டு இப்போது சிவப்பாக இல்லை, அதுவும் மஞ்சளாக இருந்தது.

"ஆறாம் நாள் காலையில இதுக்கு யார் சோப்புப் போட்டது?"

"எங்க வீட்லதான். செவப்பாயிருச்சுன்னு திட்டுனா. எதுக்குக் கேக்குறீங்க?"

"தண்ணி எங்க புடிச்சீங்க?"

"தெருக்கொழாயிலதான்."

"எட்டே முக்காலுக்கா?"

சிவபிரகாஷ் வடையைக் கீழே வைத்தான். "மேடம், அஞ்சு தெரு. எல்லாத்துலயும் தண்ணி வார நேரம் ஒண்ணுதான். நான் ஒரே ஆளு. கடைசியா தேரடித் தெருவுக்குப் போறப்பத் தண்ணி நின்னுரும். ஏதாவது ஒரு வீட்ல ஒரு டம்ளர் வாங்குவேன். அதுவும் இதே தண்ணிதானே? எவர்சில்வர் டம்ளர்ல தருவாங்க, அப்படியே டியூப்ல ஊத்தி மருந்து விட்டுருவேன். தினமும் நல்லா மஞ்சளாத்தான் வந்துச்சு. நான் பொய் சொல்லல!"

"நீங்க பொய் சொல்லல. அதுதான் கஷ்டம்," என்றாள் அன்புமொழி. "பிளீச்சிங் தண்ணி பட்டா, இருக்கற கறைகூடப் போகும். உங்க கர்சீப்புல இல்லாத கறை வந்திருக்கு. எட்டு நாளா டியூபைத் துடைச்சிருக்கீங்க, ஒரு நாளாவது இதை யோசிச்சீங்களா?"

அவன் முழித்தான். அவள் ஜஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"பெட்டிக்கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கிட்டு வா."

"வெத்தலை, பாக்கு?"

"சுண்ணாம்பு மட்டும்."

"வெறும் சுண்ணாம்பா? மேடம், தாகத்துல இருக்கற ஆளுக்கு இதைவிடக் கொடுமை வேற இல்ல."

* * *

தேரடித் தெருவுக்கு மட்டும் தண்ணீர் தருகிற மேல்நிலைத் தொட்டி ஊருக்கு வடக்கே இருந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்து தரைத் தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் மேலே ஏற்றும். மேலே ஏறுமுன் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்த வேலை நாகராசுவுடையது.

நாகராசு கேட்டைத் திறக்கவில்லை. "வெளியாளுக்கு அனுமதி இல்ல."

"உள்ள வரலைங்க. அந்த வாளியை மட்டும் இங்கிட்டுக் காட்டுங்க," என்றாள் அன்புமொழி.

"எந்த வாளி?"

"கேட்டை ஒட்டி, மோட்டார் ரூம் வாசல்ல கவுத்து வெச்சிருக்கீங்களே."

அவர் அசையவில்லை. ஜஸ்டின் கேட் கம்பிக்குள் கையை விட்டு வாளியின் பிடியை எட்டி இழுத்துவிட்டான். வாளி உருண்டு கேட்டில் இடித்தது. அடியில் படிந்த வெள்ளை, கோடைக் கண்மாய்த் தரை மாதிரி காய்ந்து வெடித்திருந்தது.

"தினமும் கரைக்கற வாளி இப்படிக் காயாது," என்றாள் அன்புமொழி. "எத்தனை நாளாப் பவுடர் போடலை?"

நாகராசு நாற்பது வயது ஆள். முகத்தைத் துடைத்தபோது மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிறு தெரிந்தது. தேரடித் தெருக்காரர்தான் அவரும்.

"திருவிழா எட்டு நாளும் போடல. காப்பு எறக்காததால அதுக்கப்புறமும் வாளியத் தொடல," என்றார் கடைசியில். "மொத நாளு பயந்துகிட்டேதான் இருந்தேன். ஆனா காலையில குரூப்ல போட்டோ பாத்தா, டியூப்பு மஞ்சளா இருக்கு! நான் போடவே இல்ல, ஆனா தண்ணியில பிளீச்சிங் இருக்கு. சரி, காவிரியிலயே போட்டுத்தான் அனுப்புறாங்கபோல, நாம வேற தேவையில்லைன்னு நெனச்சேன். எட்டு நாளும் மஞ்சளாத்தான் வந்துச்சு."

ஜஸ்டினுக்கே கொஞ்ச நேரம் நகைச்சுவை வரவில்லை. "நீங்க போட்டிருப்பீங்கன்னு சிவபிரகாஷ் நம்பினான். அவன் போட்டோவை நீங்க நம்பினீங்க. கடைசியில யாரும் தண்ணியைப் பாக்கலை."

"பவுடர் போட வேணாம்னு யார் சொன்னது?" என்றாள் அன்புமொழி.

நாகராசுவின் விரல் தானாகக் காப்புக் கயிற்றுக்குப் போனது. "அதக் கேக்காதீங்க. சத்தியம் பண்ணிருக்கேன்."

"யார்கிட்ட? நிலவழகன்கிட்டயா?"

நாகராசு கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்தார்.

"காத்தாயி ஜெயிலுக்குப் போகட்டும், பரவால்லையா?"

அவர் கண் கலங்கியது. வாளியை நிமிர்த்தித் தள்ளி வைத்தார். ஒரு நல்ல மனிதன் இவ்வளவு கோழையாக நிற்பதைப் பார்க்க அன்புமொழிக்கு எரிச்சலாக வந்தது.

"சத்தியத்தை வெச்சுக்கங்க. நாலு மணிக்கு வால்வு சாவியோட கோவிலுக்கு வாங்க. தேரடித் தெருவுக்கு அஞ்சு நிமிஷம் தண்ணி விடணும். அதுக்கு ஒண்ணும் சத்தியம் பண்ணலையே?"

* * *

நாலு மணிக்குத் தெரு முழுவதும் கோவில் முன்னால் இருந்தது. காத்தாயியை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். அவளைச் சுற்றி ஆறடிக்கு ஆளில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். நிலவழகன் அவர் பக்கத்தில்.

"போகச் சொன்னேன்ல?" என்றார் ஆத்மநாதன்.

"போகலாம்னுதாங்க பாத்தோம். டயர்ல காத்து இல்ல," என்றான் ஜஸ்டின்.

கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அவன் தோளில் பட்டது. அன்புமொழி யாரையும் கேட்காமல் நடுவில் போய் நின்றாள். கர்சீப்பைப் பிரித்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"தண்ணி சுத்தம்கறதுக்கு இருக்கற ஒரே சாட்சி எட்டு போட்டோ. அந்த டியூபைத் துடைச்ச துணி இது. இன்ஸ்பெக்டர் சார், இந்தக் கறை மேல சுண்ணாம்பைத் தடவுங்க."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். ஜஸ்டின் நீட்டிய சுண்ணாம்பைத் தொட்டு, அவள் கையில் இருந்த சிவபிரகாஷின் கர்சீப்பில் விரலால் தடவினார். தடவிய இடம் எல்லார் கண் முன்னாலும் குங்குமச் சிவப்பாகியது.

ஒரு ஆணுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு ஓடியது. ஆரத்தி கரைக்காத கை அங்கே ஒன்றுகூட இல்லை.

"ஆமாம்மா," என்றாள் அன்புமொழி அவர்களைப் பார்த்து. "மஞ்சத்தூள்ல சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தண்ணி நின்ன பிறகு அந்தப் பையன் உங்க வீட்டுக் குடத்துலேர்ந்துதான் வாங்கினான். பச்ச மஞ்சள் தட்டிப் போட்ட குடம். மருந்தே விடலைன்னாலும் அது மஞ்சளாத்தான் இருந்திருக்கும். தண்ணியில பிளீச்சிங் ஒரு சொட்டு இல்ல, எட்டு நாளும்."

நிலவழகன் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பிளீச்சிங் இல்லாட்டி என்ன?" ஆத்மநாதன் கத்தினார். "அதுக்காகத் தண்ணி விஷமாயிருமா?"

"தானா ஆகாது. ஜஸ்டின், ஷூவைக் காட்டு."

ஜஸ்டின் காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்றான். "ஒரு துளி மழை இல்லாத ஊர்ல நான் கண்டுபிடிச்ச சேறு."

"நாகராசு, வால்வைத் திறங்க."

தெருமுனையில் நாகராசு நீளச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகினார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு வளைவுக் கம்பத்தின் அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தெருக் குழாய் கடப்பாரைக் குத்தில் உடைந்திருந்தது. தண்ணீர் பெருகிச் சாக்கடையில் வழிந்தது.

"மூடுங்க."

கொப்பளிப்பு நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடைத் தண்ணீர் கறுப்பாக நகர்ந்து அந்தக் குழிக்குள் இறங்கத் தொடங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓங்கரித்தாள்.

"ஆறாம் நாள் வளைவு நட்டீங்க. எட்டாம் நாள் படுத்தீங்க," என்றாள் அன்புமொழி. "தொட்டியில பவுடர் போட்டிருந்தா இவ்வளவு பேர் படுத்திருக்க மாட்டீங்க. காத்தாயி ஊத்துன மோர்லயும் இதே தண்ணிதான், உங்க சோத்துலயும் இதே தண்ணிதான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பவுடர் போடாத ஆள் யாரு? நீயா? ஏறுய்யா ஜீப்புல!"

நாகராசு சாவியைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். "அப்பவே நெனச்சேன், சோம்பேறிப் பய," என்றார் நிலவழகன். கூட்டத்துக்குக் கோபம் மாற ஒரு நொடிகூட ஆகவில்லை. காத்தாயியை விட்டுவிட்டு நாகராசு பக்கம் திரும்பியது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள்.

"மேடம், நிலவழகன்தானே சொல்லிருப்பான்? விடாதீங்க," என்று கிசுகிசுத்தான் ஜஸ்டின். அன்புமொழியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"அந்தாளு மேலேர்ந்து கைய எடுங்க."

கோவில் படியிலிருந்து வந்தது அந்தக் குரல். செத்துப்போன பூசாரியின் மனைவி சின்னப்பிள்ளை. தாலி அறுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் எழுந்து வந்து நாகராசுவின் முன்னால் நின்றாள்.

"இந்தக் காப்பக் கட்டுனது எங்க வீட்டுக்காரரு. கட்டுனவரு வந்துதான் ஒன் சத்தியத்த எறக்கணும்னா அவரு இனிமே வரமாட்டாரு. நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"சின்னப்பிள்ளை, உள்ள போ," என்றார் ஆத்மநாதன். அவளை மறிக்க இரண்டடி முன்னால் வந்தார்.

"போறேன் மாமா. சொல்லிட்டுப் போறேன்." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னாள். "காப்பு கட்டுன அன்னிக்கு இதே எடம். அபிஷேகத் தண்ணியில பவுடரு வாட அடிக்குது, ஆத்தாளுக்கு ஆகாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஒடனே மாமா நாகராசக் கூப்புட்டாரு. எட்டு நாளைக்குப் பவுடரு போடக் கூடாது, யாரு கேட்டாலும் வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. இவரு முடியாது, வேல போயிரும்னு கையெடுத்துக் கும்புட்டாரு. ஊரே சொல்லுது, நீ என்ன பெரிய ஆளான்னு கேட்டீங்க. சரின்னு சொல்றவங்க கையத் தூக்குங்கன்னாரு மாமா."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"தூக்காத கை எது? சொல்லுங்க. நானும் தூக்குனேன். என் தண்ணிய எட்டு நாளு நானே கெடுத்துகிட்டேன். எம் புருசன் தண்ணி கேட்டப்பல்லாம் நாந்தான் மொண்டு மொண்டு குடுத்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "கையத் தூக்காதவ ஒருத்திதான். அன்னிக்கு ஊர்லயே இல்லாம மக வீட்டுக்குப் போயிருந்தா. அவ வீட்டு ஓட்டத்தான் ஒடச்சோம்."

ஆத்மநாதன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, சேறு என்றும் பாராமல் வளைவுக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தம்பியைத் தானே கொன்றுவிட்டோமோ என்கிற பயத்தை ஐந்து நாளாக ஒரு பெண்ணின் மேல் கல்லாக எறிந்துகொண்டிருந்த மனிதர் அவர். அன்புமொழிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் முயற்சி செய்யவும் இல்லை.

"யார் யார் கையத் தூக்குனது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

எண்பது பேர் தரையைப் பார்த்தார்கள். காலையில் பானைமேல் துப்பிய பெண் மெல்லப் பின்னால் நகர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். காத்தாயியிடம் வந்தபோது அவர் குரலில் பழைய முறைப்பு இல்லை. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல. முத்திரையப் பிரிச்சுத் தரச் சொல்றேன், அந்தப் பானையையும் எடுத்துட்டுப் போயிருங்க."

காத்தாயி வேப்பமரத்தடிக்குப் போனாள். பானையின்மேல் காய்ந்திருந்த எச்சிலைப் பார்த்தாள். ஒருத்தி ஓடிவந்து முந்தானையால் அதைத் துடைக்கக் குனிந்தாள். காத்தாயி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடைக்காத. எனக்குப் பான வேணாம். அது இங்கனயே இருக்கட்டும், சாமி கும்புட வாரப்பல்லாம் எல்லாரும் பாருங்க."

அவள் திரும்பி நடந்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.